கண்ணூரில் தெய்யம் பார்க்க ஒரு ஹோம்ஸ்டே: போய் வந்தவளின் மதிப்புரை

கண்ணூர் டவுனுக்குத் தெற்கே, தோட்டடா கடற்கரைப் பக்கம், தென்னந்தோப்புக்குள் வீட்டின் சில அறைகளை விருந்தினருக்கு விடும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்த வீட்டுக்காரர் செய்து கொடுக்கும் ஒரு காரியம்தான் விஷயம். மலையாள மாதக் கணக்கில் துலாம் பத்தாம் தேதி, அதாவது அக்டோபர் கடைசி வாரம், தொடங்கி இடவம் பாதி வரை, ஏறத்தாழ ஜூன் தொடக்கம் வரை, வட மலபாரில் தெய்யக் காலம். வேடம் கட்டி ஆடுகிறவர் மேல் தெய்வமே இறங்குவதாக நம்பிச் செய்யும் சடங்கு அது. அந்த மாதங்களில் தன் வீட்டில் தங்குகிறவர்களை ராத்திரியிலும் விடிகாலையிலும் காவுகளுக்கு, அதாவது மரங்கள் சூழ்ந்த சின்ன ஊர்க் கோயில்களுக்கு, இவரே கூட்டிப் போகிறார். மார்ச் மாதம் அம்மாவோடு போயிருந்தேன்.

வீட்டின் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். மூன்று அறைதான் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் காவுக்குக் கூட்டிப் போவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறார். அதற்கு மேல் போனால் ஊர்க்காரர்கள் நிற்கும் இடத்தை நாம் பிடித்துக்கொள்வோமாம். அதனால் இதே மாதிரி வீடு தேடுகிறவர்கள் போனில் எதைக் கேட்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கலாம் என்பதற்குப் பயன்படுகிற மாதிரி எழுதுகிறேன்.

தெய்யம் என்ற பெயரில் எனக்கு முதலில் கிடைத்தது வேறு. சில வருஷங்களுக்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேக்கேஜில் ‘தெய்யம் மாலை’ என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினேன். ரிசார்ட் புல்வெளி, வரிசையாக நாற்காலி, ஒலிபெருக்கி. வேடம் கட்டிய ஒருவர் வந்து இருபது நிமிஷம் சுற்றி ஆடினார், பிறகு போட்டோவுக்கு நின்றார். எந்தத் தெய்யம் என்று கேட்டேன். கூட்டிப் போனவருக்குத் தெரியவில்லை. ஆடியவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் காவு இல்லை, விளக்கு இல்லை, தெய்வத்தின் கதையைப் பாடும் தோற்றப்பாட்டு இல்லை, முடி என்கிற தலைக்கோலத்தை மட்டும் தலையில் வைத்துக் காட்டு என்று கேட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தெய்யத்தை மேடையிலும் ஊர்வலத்திலும் கொண்டுவந்து நிறுத்துவதைக் கண்ணூர், காசர்கோடு பக்கத்துத் தெய்யக்காரர்களே வெகுநாளாக எதிர்த்துப் பேசி வருகிறார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து காலை இன்டர்சிட்டியில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கண்ணூர். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, “அம்மைக்குத் தரையில் உட்கார முடியுமா?” என்றுதான். முட்டி வலி என்றதும் உள்ளே போய் ஒரு மடக்கு ஸ்டூலை எடுத்து வந்து காரில் வைத்தார். அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கட்டு நோட்டீஸைப் பிரித்தார். களியாட்டம் என்கிற காவுத் திருவிழாவுக்கு ஒவ்வொரு காவும் அச்சடித்து ஊரில் கொடுக்கும் நோட்டீஸ் அது. எந்தத் தெய்யம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று வரிசையாகப் போட்டிருக்கும். இணையத்திலும் பட்டியல் கிடைக்கிறது, ஆனால் அதில் தேதியும் ஊரும்தான் இருக்கும். இவர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, அந்தக் காவுக் கமிட்டியில் யாரையாவது போனில் பிடித்து, நேரம் எவ்வளவு தள்ளிப் போகும், கூட்டம் எப்படி, வயசானவர் வந்தால் உட்கார இடம் உண்டா என்று கேட்டுக்கொள்கிறார். அவருடைய தறவாட்டுக்கே, பூர்வீகக் குடும்பத்துக்கே, ஒரு சின்னக் காவு இருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் பேசுகிறவரும் இவரை ஒரு டிரைவராக நினைத்துப் பேசுவதில்லை. நாம் கொடுக்கும் பணத்துக்கு உண்மையில் கிடைப்பது இதுதான் என்பது என் கணிப்பு. தெய்யம் எல்லாருக்கும் இலவசம், டிக்கெட் கிடையாது, யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று சொல்ல அந்த மண்ணில் பிறந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

அவர் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். செருப்பு காருக்குள்ளேயே இருக்கட்டும். பள்ளியறைக்கும் (சன்னதி) தெய்யத்துக்கும் நடுவே குறுக்கே போகக் கூடாது. பிளாஷ் கூடாது. வேடம் கட்டும் அணியறையில் கேட்காமல் போனை நீட்டக் கூடாது. வாளோ சூலமோ சுழலும்போது ஊர்ப் பெரியவர் ஒரு அடி பின்னால் போனால் நாமும் ஒரு அடி பின்னால் போக வேண்டும்.

இன்னொன்றில் பிடிவாதமாக இருந்தார். முதல் நாள் சாயங்காலம் பாட்டோடு நடக்கும் தோற்றம் பார்க்காமல் விடிகாலைத் தெய்யத்துக்கு மட்டும் கூட்டிப் போக மாட்டாராம். தோற்றத்தில் பார்க்கக் கவர்ச்சியாக ஒன்றும் இருக்காது. சிவப்புத் துணி, சின்னத் தலைக்கட்டு, முகத்தில் சந்தனம், அவ்வளவுதான். காவு முற்றத்தில் நின்று, செண்டைத் தாளத்தில், அந்தத் தெய்வம் எங்கே பிறந்தது, யாரால் செத்தது, எந்த வழியாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்று பாடுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதை விட்டுவிட்டுத் தீயைப் பார்க்க மட்டும் வருகிறார்கள். இவர் எங்களை அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்து, தமிழும் மலையாளமும் கலந்து காதுக்குள் கதை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குக் கேட்டது முச்சிலோட்டு பகவதி கதை. படிப்பில் பெரியவளான ஒரு பிராமணப் பெண் சபையில் வாதத்துக்கு நிற்கிறாள். வேதனைகளில் பெரியது எது, இன்பத்தில் பெரியது எது என்று கேட்கிறார்கள். பெரிய வேதனை பேறுகால வேதனை, பெரிய இன்பம் காமம் என்கிறாள். கல்யாணமாகாதவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்லி, நடத்தை கெட்டவள் என்று ஊரை விட்டுத் தள்ளுகிறார்கள். அவள் தீயில் இறங்குகிறாள். அந்த வழியாக எண்ணெய்க் குடத்தோடு வந்த வாணியர் ஒருவரிடம் எண்ணெயைத் தீயில் ஊற்றச் சொல்கிறாள், அவரும் ஊற்றுகிறார். அதனால் வாணியர்கள் அவளைத் தங்கள் குலத்துக்குத் தாயாக வைத்துக் கும்பிடுகிறார்கள். பதில் சரியாகச் சொன்னதற்காகத் தண்டனை வாங்கிய பெண் இன்றைக்கும் காவுக்குக் காவு தெய்யமாக இறங்குகிறாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம், “சரியாத்தான சொன்னா, சரியாத்தான சொன்னா” என்றே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கஞ்சியும் பயறும் குடித்துவிட்டு, கண் அயர்ந்த மாதிரி ஒரு தூக்கம். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார். கட்டன் சாயா பிளாஸ்கில் தயாராக இருந்தது. பழயங்ஙாடி தாண்டி, ஆற்றையும் தோப்பையும் கடந்து, ஒரு கிராமத்துக் காவு. வெட்டுக்கல்லில் கட்டிய சின்னச் சின்னக் கோயில்கள், மேலே ஓடு, நடுவில் விரிந்த முற்றம், சுற்றிலும் பெரிய மரங்கள். நம் ஊர்க் கோபுரத்தையும் பிராகாரத்தையும் மனசில் வைத்துக்கொண்டு போனால் இதையா கோயில் என்கிறார்கள் என்று தோன்றும். வருஷத்தில் பெரும்பாலான நாள் விளக்கு வைப்பதோடு சரி. அந்தக் களியாட்ட நாட்களில்தான் ஊர் முழுக்க அங்கே இருக்கும்.

அணியறைக்குள் போக அவர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். இந்தச் சேவையில் வேறெங்கும் கிடைக்காதது எது என்று என்னைக் கேட்டால் அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன். பின்னிய தென்னோலையில் ஒரு தற்காலிகக் கொட்டகை. பாயில் ஒருவர் மல்லாந்து கண்ணை மூடிப் படுத்திருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் இன்னொருவர் அவர் முகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ‘முகத்தெழுத்து’ என்றுதான் சொல்கிறார்கள். தூரிகை தென்னை ஈர்க்கு, நுனியைச் சீவி மெல்லிசாக்கியது. தேங்காய் ஓட்டில் சிவப்புச் சாயில்யம், இன்னொரு ஓட்டில் மஞ்சள் மனயோலை, இன்னொன்றில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்த மை. முதலில் முகம் முழுக்கச் சிவப்பு. பிறகு கண்ணைச் சுற்றி மை. அதற்கப்புறம் கன்னத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு, அதன் பக்கத்தில் இன்னொரு கோடு, இரண்டும் தொடாமல் வளைந்து காதுப் பக்கம் போகின்றன. எழுதுகிறவர் மூச்சை வெளியே விட்டுவிட்டு, நிறுத்தி, அப்புறம்தான் கோட்டை இழுத்தார். ஒவ்வொரு தெய்யத்துக்கும் எழுத்து வேறு. பிராக்கெழுத்து, சங்கும் பிராக்கும் என்று தனித்தனிப் பெயர் உண்டு. தெரிந்தவர்கள் முகத்தைப் பார்த்தே எந்தத் தெய்யம் என்று சொல்லிவிடுவார்கள்.

எழுதுகிறவரும் படுத்திருந்தவரும் அண்ணன் தம்பி. படுத்திருந்தவருக்குப் பகலில் வயரிங் வேலை என்றார் வீட்டுக்காரர். வண்ணான், மலையன், வேலன், மாவிலன், புலயன் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிகளுக்குத்தான் தெய்யம் கட்டும் உரிமை பரம்பரையாக இருக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எந்த ஊர் எல்லை என்பது வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். நன்றாகக் கட்டுகிறவருக்குப் பட்டும் வளையும் போட்டுப் ‘பெருவண்ணான்’ என்று பட்டம் கொடுக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தை ஆண்ட கோலத்திரி அரசர் காலத்திலிருந்து வருகிறது. தெய்யக் கலைஞர் ஈ.பி. நாராயணன் பெருவண்ணானுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கரிவெள்ளூர் மணக்காடன் குருக்கள் என்ற பழங்காலத் தெய்யக்காரரை ராஜா சோதித்த கதையும் அந்த அணியறை வாசலில்தான் கேட்டேன். ஒன்று குறைய நாற்பது தெய்யத்தை ஒரே ராத்திரியில் கட்டிக் காட்டு என்றாராம் ராஜா, இவர் கட்டிக் காட்டினாராம். இன்றைக்குக் கட்டுகிறவர்கள் அவரைத் தங்கள் குருவாக நினைக்கிறார்கள்.

முகம் எழுதி முடிந்ததும் இடுப்பில் மரவளையம், அதன் மேல் சிவப்புத் துணி அடுக்கு, மார்பில் அணிகலம், காலில் சிலம்பு. காவு முன்னால் பீடத்தில் உட்கார வைத்து முடியைக் கட்டினார்கள். பின்னாலிருந்து இரண்டு பேர் கயிற்றை இழுத்து முறுக்க, முன்னால் செண்டை ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அதில் அவர் தன் முகத்தைப் பார்த்த நொடியில் தோளும் கழுத்தும் உதறின. அதற்குப் பிறகு யாரும் அவரை ஒரு மனிதராக நடத்தவில்லை. அவரை விட வயசில் பெரியவர்கள் முதற்கொண்டு கை கூப்பினார்கள்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சுடலை மாடன் கொடையில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் மகுடச் சத்தமும் கேட்டு வளர்ந்தவர் அம்மா. சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்குப் போவதை எல்லாம் சின்ன வயசிலேயே பார்த்தவர். அவர் சொன்னதுதான் எனக்கு அந்த ராத்திரியை விளக்கியது. “நம்மூர்ல சாமி சட்டுனு வந்து ஆளப் புடிச்சுக்கும். இங்க கோடு கோடா எழுதிக் கூப்பிடுதாவ, ஏட்டி.”

விடிகிற நேரத்தில் பொட்டன் தெய்யம். முற்றத்தின் ஓரத்தில் ராத்திரி முழுக்க எரிந்த மரம் கனலாகக் குமிந்திருந்தது. பத்தடி தள்ளி நின்றாலே முகம் சுட்டது. பொட்டன் இடுப்பைச் சுற்றிக் குருத்தோலை, முகத்தில் பாளையில் செய்த முகமூடி. அந்த ஓலையோடு நேராகப் போய்க் கனல் மேல் சாய்ந்து படுத்தார். எழுந்து உட்கார்ந்து சுற்றி நிற்கிறவர்களிடம் விளையாட்டாகப் பேசினார். குளிருகிறது என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள், அவர் மறுபடியும் போய்ச் சாய்ந்தார்.

கதை சங்கராச்சாரியாரைப் பற்றியது. தலைக்காவேரிக்குப் போகிற வழியில் ஒரு சண்டாளன் எதிரே வருகிறான், வழியை விடு என்கிறார் சங்கரர். எதற்கு விட வேண்டும் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். உன்னைக் கீறினாலும் என்னைக் கீறினாலும் வருகிற ரத்தம் ஒன்றுதானே, நாங்கள் நட்ட வாழையின் பழத்தைத்தானே நீ தெய்வத்துக்குப் படைக்கிறாய் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். வந்தவன் சிவன் என்று தெரிந்து சங்கரர் விழுந்து கும்பிடுகிறார். மலையோரத்துப் புளிங்ஙோம் என்ற ஊரில் இது நடந்ததாகச் சொல்கிறார்கள். தீண்டாமைக் கொடுமை உச்சத்தில் இருந்த காலத்திலேயே, யாரைத் தொடக் கூடாது என்றார்களோ அவர் வாயால், வருஷா வருஷம் இந்தக் கேள்வியை ஊர் நடுவில் கேட்க வைத்திருக்கிறார்கள். எதிரே கை கூப்பி நின்று ஆதிக்க சாதிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் விடிந்ததும் பழையபடி அதே ஒதுக்கல் தொடர்ந்தது என்பதும் உண்மை. வீட்டுக்காரர் இந்த இரண்டையும் மறைக்காமல் சொன்னார். வழிகாட்டி என்று வருகிறவர்கள் பலர் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆட்டம் தணிந்ததும் தெய்யம் ஒவ்வொருவரிடமும் வந்து பேசி, கையில் மஞ்சள்குறி, அதாவது பிரசாத மஞ்சள்பொடி, கொடுத்தது. பிறகு காவிலேயே சாப்பாடு. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இலையில் சோறு, பருப்புக் கறி, ஊறுகாய்.

பெண்கள் தெய்யம் கட்டுவதில்லையா என்று திரும்பி வரும்போது கேட்டேன். ஒன்றே ஒன்று உண்டு என்றார். செறுகுன்னுப் பக்கம் தெக்கும்பாடு தீவில், தாயக்காவில், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தனு மாதத்தில் (நம் மார்கழி) தேவக்கூத்து நடக்கும். அதை ஒரு பெண்தான் கட்டுவார். நோட்டீஸ் வந்தால் அனுப்புகிறேன் என்று என் நம்பரை எழுதிக்கொண்டார்.

பகலில் தூங்கிவிட்டு அடுத்த நாள் பறச்சினிக்கடவு. இதற்கு வழிகாட்டியே தேவையில்லை. தெய்யக் காலம் முடிந்து மழையில் வருகிறவர்களும் தைரியமாகப் போகலாம். வளபட்டணம் ஆற்றங்கரையில் முத்தப்பன் கோயில். சில நாட்கள் நீங்கலாக வருஷம் முழுக்கக் காலையிலும் சாயங்காலமும் முத்தப்பன் தெய்யம் உண்டு. வாசலிலேயே நாய் உருவங்கள் நிற்கின்றன. உயிருள்ள நாய்களும் உள்ளே அவை பாட்டுக்குப் படுத்திருக்கின்றன, யாரும் விரட்டுவதில்லை. பிரசாதத்தில் முதல் பங்கு நாய்க்கு. முத்தப்பனுக்குப் படையல் கள்ளும் உணக்கமீனும், அதாவது கருவாடும். அம்மா சிரித்துக்கொண்டே, “அப்ப இவரு நம்ம ஆளுல்லா” என்றார்.

இங்கே தெய்யம் நம் கையைப் பிடித்துக்கொண்டு குறை கேட்கிறது. வரிசை மெதுவாகத்தான் நகரும், ஏனென்றால் அவசரப்படுத்துவதில்லை. அம்மா முறை வந்ததும், துபாயில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு என்பதை நெல்லைத் தமிழில் ஒரே மூச்சில் சொன்னார். முத்தப்பன் கையை விடாமல் முழுக்கக் கேட்டு, மலையாளத்தில் நிதானமாகப் பதில் சொன்னார். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் கண்ணூரில் ஏராளம். அந்தக் குறையைத் தினமும் கேட்டுப் பழகிய முத்தப்பன். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு முஸ்லிம் பெரியவரும் அதே மாதிரி கையைக் கொடுத்துப் பேசிவிட்டுப் போனார். வெளியே வந்தால் எல்லாருக்கும் வேகவைத்த பயறும் தேங்காய்ச் சில்லும் சாயாவும் இலவசம். காலையில் வெறும் வயிற்றோடு போனாலும் பசியோடு திரும்ப வேண்டாம்.

தளிப்பறம்பு ராஜராஜேஸ்வரர் கோயிலுக்குப் போகிற பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ராத்திரி அத்தாழ பூஜைக்குப் பிறகுதான் பெண்களை உள்ளே விடுகிறார்கள். வீட்டுக்காரர் இதை முன்கூட்டியே சொல்லி நேரத்தை மாற்றி அமைத்திருந்தார். அது தெரியாமல் காலையில் வந்து வெளியே நின்று கும்பிட்டுத் திரும்புகிற பெண்கள் உண்டாம். இந்த வழக்கம் எனக்கு உவப்பில்லை. உள்ளே வரிசையாக எரிந்த நெய்விளக்குகளும் பழைய கற்சுவரும் அழகு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அங்கிருந்து பக்கத்திலேயே திருச்சம்பரம் கிருஷ்ணன் கோயில். நாங்கள் போன நேரம் கும்பம் 22-லிருந்து மீனம் 6 வரை நடக்கும் உற்சவக் காலம், ஆங்கிலத் தேதிக்கு மார்ச் முதல் வாரத்தில் தொடங்குகிறது. கம்சன் ஏவிய குவலயாபீடம் என்ற யானையைக் கொன்ற கிருஷ்ணன் என்பதால் இந்தக் கோயிலுக்கு யானை ஆகாது. கேரளத்தில் யானை இல்லாத பெரிய உற்சவம் பார்க்க வேண்டும் என்றால் இங்கே வரலாம். யானை சுமக்க வேண்டிய திடம்பை, அதாவது சாமியின் உற்சவ வடிவத்தை, நம்பூதிரிகள் தலையில் சுமந்து ஆடுகிறார்கள். திடம்பு நிருத்தம் என்று பெயர். மழூரிலிருந்து பலராமனும் வருவார். பூக்கோத்து நடை என்ற இடத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஓடியாடி விளையாடுவதுதான் உற்சவமே.

தலையில் துணியைச் சும்மாடாகச் சுற்றி, அதன் மேல் பூவும் பொன்னும் வைத்த கனமான திடம்பு. ஒரு கை அதைத் தாங்குகிறது, மறு கை சும்மா இருக்கிறது. செண்டை மெதுவாகத் தொடங்கும்போது பாதம் மட்டும் அளந்து அளந்து வைக்கிறது, இடுப்புக்கு மேல் அசைவே தெரியாது. தாளம் மாறி வேகம் ஏற ஏற இரண்டு பேரும் கூட்டத்துக்கு நடுவே பாய்ந்து ஓடுகிறார்கள், சனமும் கோவிந்தா கோவிந்தா என்று கூடவே ஓடுகிறது. அந்த ஓட்டத்திலும் தலைக்கு மேல் இருப்பது நேராக நிற்கிறது. காவில் ராத்திரி பார்த்ததற்கும் இதற்கும் சாதியும் வேறு, சடங்கும் வேறு. ஆனால் செண்டை முறுகும்போது பாதம் தரையைத் தேடுகிற விதம் ஒன்றாகவே எனக்குத் தெரிந்தது. கடைசி நாள் அண்ணன் தம்பி பிரியும் கூடிப்பிரியல் பார்க்க நாங்கள் இருக்கவில்லை. அதைப் பார்த்து அழாதவர் இல்லை என்று வீட்டுக்காரரின் மனைவி சொன்னார். பகலில் நேரம் இருக்கிறவர்கள் சிறக்கல்லில் ஃபோக்லோர் அகாடமி அருங்காட்சியகத்துக்கும் போகலாம். முடிகளையும் அணிகலன்களையும் கிட்டத்தில் நின்று பார்க்க அது நல்ல இடம்.

சரி, இனி வீட்டைப் பற்றி. அறை சுத்தம், கட்டில் கொஞ்சம் கெட்டி, ஏசி உண்டு, வெந்நீர் காலையில் மட்டும். ஒரு ராத்திரிக்கு இரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு 3,200 ரூபாய் கொடுத்தோம். காவுக்குப் போய்வரக் கார் தனி, தூரத்தைப் பொறுத்து 1,500 முதல் 2,000 வரை. கூட வந்து கதை சொல்வதற்கு அவர் எதுவும் வாங்குவதில்லை. காவில் ரசீது போட்டு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்கிறார். அவர் மனைவியின் சமையலுக்காகவே இன்னொரு முறை போகலாம். புட்டும் கடலையும் எல்லா இடத்திலும் கிடைக்கும். அரிசிமாவை ஓட்டுக்குள் அடைத்து வேகவைத்துப் பொரித்த கல்லும்மக்காய் என்ற கடல் சிப்பி இந்தக் கடற்கரையில்தான் அந்த ருசியில் கிடைக்கிறது. காவுக்குப் போகும் நாளில் மீனும் கறியும் சமைப்பதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. காரில் பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் போவது வயசானவர்களுக்குக் கஷ்டம், பெரிய வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். தோற்றத்தின்போது காதுக்குள் சொல்கிற கதை செண்டைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஒவ்வொரு தெய்யத்துக்கும் ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துக் கையில் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். கொசு கடுமை. நோட்டீஸில் நாலு மணி என்று போட்டிருந்த தெய்யம் ஆறு மணிக்கு இறங்கியது. அதற்கு அவர் என்ன செய்வார், ஆனால் திரும்பிப் போக ரயில் பதிவு செய்தவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்துக் காவுகளில் பெண்களுக்குக் கழிப்பறை பெரும்பாலும் கிடையாது. எங்களுக்கு அவர் பக்கத்து வீட்டில் பேசி ஏற்பாடு செய்தார். கதினா வெடிச் சத்தத்துக்கு முன்னறிவிப்பு இருக்காது, அதனால் இதய நோய் உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் சாயங்காலத் தோற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்படி ஒரு வீட்டைத் தேடிப் பிடிக்கும்போது அறை வாடகையைக் கேட்பதற்கு முன், தோற்றத்துக்குக் கூட்டிப் போவீர்களா, கதையை யார் சொல்வார், எத்தனை பேராகப் போவோம் என்ற மூன்றையும் கேளுங்கள். ‘கியாரண்டியா தீத்தெய்யம் காட்டறோம், முன்வரிசை சீட்’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

என் கணக்கில் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் காருக்காகக் குறைத்தது. துலாம் பத்துக்குப் பிறகு முதல் சில வாரங்களில் காவுகள் குறைவு, கூட்டமும் குறைவு. தனு மாதம் முதல் மீனம் (நம் பங்குனி) வரை தினமும் எங்காவது நடக்கிறது, ஆனால் அறை கிடைக்க இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். நாங்கள் அடுத்த தனுவுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம், தெக்கும்பாட்டு நோட்டீஸ் வந்தால் தேதியை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.